கேம் கன்சோல் பழுதா? கை வைக்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாகக் கன்சோல்களைத் திறந்து பழுது பார்த்து வருகிறேன். தானாகக் கெட்டுப்போன பெட்டியைப் பார்த்தால் எனக்கு வருத்தம் வருவதில்லை. அரை மணி நேரத்தில் சரியாகியிருக்க வேண்டிய பெட்டி, வீட்டில் யாரோ செய்த ஒரு முயற்சியால் உயிரே இல்லாமல் வந்து நிற்கும்போதுதான் மனசு கஷ்டப்படும். அதில் பல நாள் விளையாடிச் சேமித்த சேவ்கள் இருக்கும். ஒரு குழந்தை காத்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் கையே வைக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நிறைய வேலைகளை நீங்களே செய்யலாம். ஆனால் எதைச் செய்வதற்கு முன்பும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பலிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டிவிடலாம். ஓவனில் சுட்ட சர்க்யூட் போர்டைச் சுடாத போர்டாக்க முடியாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

கன்சோல் ஆன் ஆகவே இல்லை. முதலில் என்ன செய்வது?

ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து பிடுங்கி நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். வேறு பவர் கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள். கேபிளைக் கழற்றி ஐந்து பத்து நிமிடம் அப்படியே விட்டு, திரும்ப மாட்டுங்கள். செத்துவிட்டது என்று கொண்டு வரப்படும் பெட்டிகளில் சில இதிலேயே எழுந்துவிடும்.

லைட் எரிகிறது, படம் வரவில்லை என்றால் பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் சேஃப் மோட் (கோளாறைச் சரிசெய்யும் தேர்வுகள் கொண்ட தனிப் பட்டியல்) உண்டு. முழுதாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் சத்தம் வரும்வரை, சுமார் 7 நொடி, அழுத்திப் பிடியுங்கள். கன்ட்ரோலரை யு.எஸ்.பி. கேபிளில் இணைக்க வேண்டும். திரைத் தெளிவுத்திறனை மாற்றுவது, டேட்டாபேஸைத் திரும்பக் கட்டுவது இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கும். இவை உங்கள் கேம்களை அழிக்காது. ஆனால் அதே பட்டியலில் கீழே எல்லாவற்றையும் அழிக்கும் தேர்வுகளும் இருக்கின்றன. அவசரத்தில் அதை அழுத்திவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு அழுத்துங்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச் பல நாள் கிடப்பில் கிடந்திருந்தால், பேட்டரி அடிமட்டம்வரை இறங்கியிருக்கும். அதனுடைய சொந்த அடாப்டரில் போட்டு நல்ல நேரம் விட்டுவிடுங்கள். பிறகு பவர் பட்டனை 12 நொடிக்கு மேல் பிடித்து, விட்டு, ஒருமுறை அழுத்துங்கள்.

எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் பின் வளைந்திருக்கிறது. ஊசியால் நிமிர்த்தலாமா?

முதலில் டார்ச் அடித்து உள்ளே நன்றாகப் பாருங்கள். அந்தச் சின்ன இடத்தில் 19 பின்கள் இருக்கின்றன. ஒன்று பக்கத்துப் பின்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் கேபிளைத் திரும்பத் திரும்பச் செருகினால், போர்ட்டோடு போக வேண்டிய பழுது பின்னால் இருக்கும் சிப் வரை போய்விடும். ஊசியால் நெம்பினால் பின்களைத் தாங்கும் பிளாஸ்டிக் நாக்கு உடையும். போர்ட்டை மாற்ற வேண்டும். அதற்கு ஹாட் ஏரும் (சூடான காற்றை ஊதும் கருவி) பழகிய கையும் தேவை. மதர்போர்டின் தடித்த செப்பு அடுக்குகள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், சாதாரண சால்டரிங் அயர்னோடு போராடுபவர்கள் பெரும்பாலும் போர்ட்டோடு சேர்த்து போர்டின் தடங்களையும் பிய்த்துவிடுகிறார்கள். இந்த வேலையை இதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

துண்டைச் சுற்றிச் சூடாக்கினால், ஓவனில் போர்டை வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தனை வருடமாகியும் இது சாகவில்லை.

எக்ஸ்பாக்ஸ் 360 வெளியானது 2005 நவம்பரில். கொஞ்ச நாளிலேயே பலருடைய பெட்டியில் பவர் பட்டனைச் சுற்றி மூன்று சிவப்புக் கால்வட்டங்கள் எரிய ஆரம்பித்தன. பழுது அவ்வளவு பரவலாக இருந்ததால், 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை 3 வருடமாக நீட்டித்து, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அந்தக் காலத்தில்தான் துண்டு வைத்தியம் பரவியது. காற்றுத் துளைகளை அடைத்து, பெட்டியைத் துண்டில் சுற்றி, ஓட விடுவது. ஆறிய பிறகு போட்டால் ஓடும். சிப்பைப் போர்டோடு பிடித்திருக்கும் சால்டர் என்ற பற்று உலோகம் உருகித் திரும்ப ஒட்டிக்கொண்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

நம்பிக்கை தப்பு. ஈயம் கலக்காத சால்டர் உருக 217 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். துண்டு சுற்றிய பெட்டி அதன் பக்கத்திலேயே போகாது. போயிருந்தால் பிளாஸ்டிக் கூடு முதலில் உருகியிருக்கும். உண்மையில் விரிசல் விழுந்த இடமும் வேறு. மைக்ரோசாஃப்ட்டின் ஆட்களே 2021-இல் வெளியான எக்ஸ்பாக்ஸ் ஆவணப்படத்தில் சொன்னார்கள்: திரும்பத் திரும்பச் சூடாகி ஆறியதில் அறுந்தவை சிப்பின் உறைக்குள்ளேயே இருக்கும் நுண்ணிய இணைப்புகள். சூடாக்கும்போது பொருள் விரிகிறது, அறுந்த இரண்டு முனைகள் கொஞ்ச நேரம் தொட்டுக்கொள்கின்றன, பெட்டி ஓடுகிறது. சில நாளோ சில வாரமோ கழித்து விலகிவிடும். அதற்குள் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் நீங்கள் வீணாகச் சூடு வைத்திருப்பீர்கள்.

ஓவனும் ஹீட் கன்னும் அதைவிட மோசம். போர்டில் இருக்கும் உருளை வடிவ கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் 105 டிகிரிக்கு உத்தரவாதம் தரப்பட்டவை. சிப்களும் போர்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். திடீரென்று சுட்டால் அந்த ஈரம் ஆவியாகி, உள்ளிருந்து அடுக்குகளைப் பிரித்துவிடும்.

ஒருமுறை ஓவனில் வைத்த போர்டு ஒன்று என் கைக்கு வந்தது. ஃபேன் வயர் செருகும் வெள்ளை கனெக்டர் மெழுகுவர்த்தி போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. லென்ஸில் பார்த்தால், பெரிய சிப்புக்கு அருகில் போர்டின் பச்சைத் தோலில் ஒரு கொப்புளம். நகத்தால் தொட்டால் மெத்தென்று அமுங்கியது. எதையும் காப்பாற்ற முடியவில்லை. அதை அனுப்பிய பையன் பழுது பார்க்கும் காணொலியில் பார்த்ததை அப்படியே செய்திருக்கிறான், அவ்வளவுதான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் இன்னொன்று: எலக்ட்ரானிக் போர்டைச் சுட்ட ஓவனில் திரும்பச் சமைக்காதீர்கள்.

ஃபேன் அலறுகிறது. தூசியை நானே சுத்தம் செய்யலாமா?

தாராளமாக. பெட்டி சூடாகி அணைந்து போவதற்குத் தூசி ஒரு பெரிய காரணம். ஆனால் முறை முக்கியம். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொள்ளுங்கள். விர்ரென்று சுற்ற விட்டால் பேரிங் கெடும். மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் போர்டுக்குள் மின்சாரத்தை அனுப்பவும் கூடும். அழுத்திய காற்று அடைத்த டின்னைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் திரவம் பனியாகக் கொட்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிளேஸ்டேஷன் 5-இல் வெளிப் பலகையை மட்டும் கழற்றினால் தூசி சேர்வதற்கென்றே வைத்த துளைகள் தெரியும். வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து அங்கே உறிஞ்சலாம். திறந்த போர்டின் மேல் வாக்குவம் முனையை வைத்துத் தேய்க்காதீர்கள், நிலைமின்சாரம் உண்டாகும்.

பழைய கேட்ரிட்ஜை ஊதிப் போட்டால் வேலை செய்கிறதே, அது ஏன் தப்பு?

சின்ன வயதில் நாமெல்லாம் செய்ததுதான். வேலை செய்தது ஊதியதால் அல்ல, எடுத்துத் திரும்பச் செருகியதால். பழைய 8 பிட் நின்டெண்டோவுக்குள் 72 பின் கொண்ட கனெக்டர் ஒன்று இருந்தது. அது நாளாக ஆகத் தளர்ந்துபோகும். அனுமதி சோதிக்கும் சிப்புக்குக் கேட்ரிட்ஜிலிருந்து சரியான பதில் வராவிட்டால் பெட்டி நொடிக்கொரு முறை மறுபடி தொடங்கும். சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது அதனால்தான். எடுத்துச் செருகும்போது உராய்ந்து தொடர்பு கிடைத்துவிடும். ஊதிய எச்சிலின் ஈரமோ செப்பில் தங்கி, கருத்து, பிறகு அரித்துவிடும். காது குடையும் பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுப் பின்களைத் துடைத்து, நன்றாகக் காய விட்டுச் செருகுங்கள். பஞ்சில் கறுப்பாக வருவதைப் பார்த்தாலே புரியும்.

கன்ட்ரோலரில் கட்டைவிரலால் நகர்த்தும் அனலாக் ஸ்டிக் தானாக நகர்கிறது. துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே அடிக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலான ஸ்டிக்குகளுக்குள் கார்பன் பூசிய தடமும் அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் உலோக நாக்கும் இருக்கின்றன. தூசி சேர்ந்தாலோ தடம் தேய்ந்தாலோ, நீங்கள் தொடாதபோதும் நகர்வதாகக் கன்சோல் நினைத்துக்கொள்ளும். எண்ணெய் ஸ்பிரே அடித்த அன்று பிரமாதமாக இருக்கும். பிறகு அந்தப் பசையில் தூசி ஒட்டி, முன்பைவிட மோசமாகும்.

முதலில் கன்சோலின் அமைப்புகளில் போய் ஸ்டிக்கின் அளவை மறுபடி சரிசெய்யுங்கள் (கேலிப்ரேஷன்), சாஃப்ட்வேர் அப்டேட் இருந்தால் போடுங்கள். அடுத்து, எலக்ட்ரானிக் பொருள்களுக்கென்று விற்கும் காண்டாக்ட் கிளீனரைக் கன்ட்ரோலரை அணைத்துவிட்டு ஸ்டிக்கின் அடியில் மிகக் கொஞ்சமாக விட்டு, நாலா பக்கமும் சுழற்றி, நன்றாகக் காய விடுங்கள். தூசியாக இருந்தால் சரியாகிவிடும். தடமே தேய்ந்திருந்தால் எதை ஊற்றினாலும் தேய்ந்தது வளராது, ஸ்டிக்கைத்தான் மாற்ற வேண்டும். காந்தத்தால் இடத்தை உணரும் ஸ்டிக்குகளில் உரசும் தடமே இல்லை. மாற்றுவதென்றால் அதை யோசிக்கலாம்.

ஸ்விட்சின் கன்ட்ரோலரான ஜாய்-கானில் ஸ்டிக்கை மாற்றச் சால்டரிங் தேவையில்லை. பொறுமை தேவை. அதற்குள் ஸ்டிக்கிலிருந்து வரும் ரிப்பன் கேபிள் ஒரு சின்ன கனெக்டரில் போய் நுழையும். அந்தக் கனெக்டரின் மேல் நகக்கண் அளவுக்கூட இல்லாத ஒரு மூடி உண்டு. பிளாஸ்டிக் நெம்புகோலால் அதை மெதுவாக மேலே தூக்கினால் கதவு போலத் திறக்கும், ரிப்பன் தானாகத் தளரும். இது தெரியாமல் ரிப்பனைப் பிடித்து இழுப்பவர்கள்தான் அதிகம். இழுத்தால் மூடி உடைந்து பறக்கும், அல்லது கனெக்டரே போர்டிலிருந்து பெயரும். மலிவான ஒரு ஸ்டிக்கோடு முடிய வேண்டியது போர்டு மாற்றத்தில் நிற்கும். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களில் ஸ்டிக் நேராகப் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும், பத்துக்கும் மேல் கால்கள். சால்டரிங் பழகாதவர் அதைத் தன் முதல் பயிற்சியாக எடுக்க வேண்டாம்.

ஸ்க்ரூ கழலவில்லை. இருக்கிற டிரைவரை அழுத்தித் திருப்பலாமா?

தலை தேய்ந்துவிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஸ்விட்சின் வெளிப்புறத்தில் தலையில் மூன்று சிறகு போன்ற வெட்டு உள்ள ஸ்க்ரூக்கள். பழைய கேட்ரிட்ஜ்களிலும் பெட்டிகளிலும் 3.8, 4.5 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி வகை ஸ்க்ரூ. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றில் நடுவில் முள் இருக்கும் நட்சத்திர வடிவ டார்க்ஸ். இவற்றுக்கான டிரைவர் செட் வாங்குவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பேனா மூடியை உருக்கி ஸ்க்ரூமேல் அழுத்தி அச்சு எடுப்பதெல்லாம் தலைக்குள் பிளாஸ்டிக்கை அடைக்கத்தான் உதவும்.

கழற்றுவதைவிட மாட்டும்போது நடக்கும் தவறு பெரிது. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் முடுக்கினால், அது போர்டுக்குள் இறங்கி உள் அடுக்குத் தடங்களை அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, பெட்டி மட்டும் ஓடாது. ஒரு காகிதத்தில் கன்சோலின் உருவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே டேப் போட்டு ஒட்டிவையுங்கள். நான் இன்றும் இப்படித்தான் செய்கிறேன்.

தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை ஹீட் சிங்க் என்ற உலோகப் பாகத்துக்குக் கடத்தும் பசை) மாற்றுவது?

பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் போன்ற பழைய பெட்டிகளில், முழுதாகப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் செய்யலாம். மின்சாரம் கடத்தாத பேஸ்டாக வாங்குங்கள். தெர்மல் பேடுகளைக் கிழித்துவிட்டால் அதே தடிமனில் போடுங்கள், தடிமன் மாறினால் ஹீட் சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது.

2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் மட்டும் ஹீட் சிங்க்கைத் தொடாதீர்கள். அதில் இருப்பது பேஸ்ட் அல்ல, திரவ உலோகம். அது மின்சாரம் கடத்தும். ஒரு துளி பக்கத்துப் பாகங்கள்மேல் உருண்டால் ஷார்ட். அலுமினியத்தில் பட்டால் அதை அரிக்கும்.

பவர் சப்ளையைத் திறக்கலாமா? ஃபியூஸ் போயிருந்தால் ஃபாயில் சுற்றலாமா?

கூடாது, இரண்டும் கூடாது. இந்தப் பக்கத்தில் உயிர் போகும் விஷயம் இதுதான். 230 வோல்ட் வரும் இடத்தில் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கலாம். ஃபியூஸ் போனது ஏதோ ஒன்று ஷார்ட் ஆகிவிட்டதால். ஃபாயில் சுற்றினால் அடுத்ததாக எரிவது வேறொன்று. பெரும்பாலான கன்சோல்களில் சப்ளை தனிப் பெட்டியாக வருகிறது, முழுதாக மாற்றிவிடுங்கள்.

தண்ணீர், ஜூஸ் கொட்டிவிட்டது. அரிசியில் புதைக்கட்டுமா?

அரிசி எதையும் உறிஞ்சி எடுக்காது, தூளும் மாவும்தான் துளைகளுக்குள் போகும். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். திரவம் வந்த வழியாகவே வடியும்படி சாய்த்து வையுங்கள். ஓடுகிறதா என்று நடுவில் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரம் மட்டும் போர்டை அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது, ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே செப்பு அரிக்க ஆரம்பிக்கும். வெறும் தண்ணீர் என்றால் நன்றாகக் காய்ந்தபின் தப்பிக்க வாய்ப்பு உண்டு. சர்க்கரை கலந்தது என்றால் திறந்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவித்தான் ஆக வேண்டும். ஹேர் டிரையர் வேண்டாம், ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

கீறல் விழுந்த டிஸ்க்கில் டூத்பேஸ்ட் தேய்க்கலாமா?

சிடியில் தரவு அடுக்கு லேசர் படும் பக்கத்திலிருந்து 1.2 மில்லிமீட்டர் ஆழத்தில், டிவிடியில் 0.6. மேல் பரப்பைத் தேய்க்கக் கொஞ்சம் இடம் இருந்தது, அதனால் சில சமயம் பலித்தது. பிளேஸ்டேஷன் 3 முதல் இன்றுவரை, எக்ஸ்பாக்ஸ் ஒன் முதல் இன்றுவரை வருபவை ப்ளூ-ரே. அதில் ஆழம் வெறும் 0.1 மில்லிமீட்டர், மேலே கடினமான பூச்சு வேறு. தேய்த்தால் அந்தப் பூச்சு போகும், டிஸ்க்கும் போகும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

இன்னொரு பெட்டியின் டிஸ்க் டிரைவைக் கழற்றி மாட்டினால் ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. டிரைவின் போர்டும் மதர்போர்டும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. உங்கள் பழைய டிரைவின் போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதைப் புது டிரைவில் மாட்டித்தான் வேலை நடக்கும்.

பேட்டரி உப்பியிருக்கிறது.

அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். ஸ்விட்சின் பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். உலோக முனையால் நெம்பி அதைத் துளைத்தால் தீப்பிடிக்கும். அணைத்து, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல் வைத்து, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போய்விடுமா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2018-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம், இப்படிப்பட்ட ஸ்டிக்கர் மிரட்டல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ உட்பட ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆனாலும் வாரண்டிக் காலம் மீதி இருக்கும்போது திறக்காதீர்கள். இலவசமாகச் சரியாவதை நீங்கள் ஏன் தொட வேண்டும்?

ஏற்கெனவே தப்பாகக் கை வைத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

நிறுத்துங்கள். இன்னொரு முறை பவர் கொடுத்துப் பார்க்காதீர்கள். கழற்றியது எல்லாவற்றையும், உடைந்த துண்டு, பிய்ந்த கனெக்டர், மிஞ்சிய ஸ்க்ரூ உட்பட, ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஸ்விட்சில் சேவ்கள் மெமரி கார்டில் இல்லை, பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. பிளேஸ்டேஷன் 4-இன் ஹார்ட் டிஸ்க்கை வேறு பெட்டியில் மாட்டினாலும் படிக்காது. அதனால் போர்டு பிழைப்பது உங்களுக்கு முக்கியம் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

செய்ததை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பக்கம் சூடு காட்டினீர்கள், எதை ஊற்றினீர்கள், எந்த ஸ்க்ரூ எங்கே போனது என்று சந்தேகமாக இருக்கிறது, எல்லாம். ஒரு அம்மா தன் மகனின் கன்சோலோடு ஒரு துண்டுச் சீட்டையும் அனுப்பியிருந்தார். 'வலது மூலையில் நீள ஸ்க்ரூ போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்' என்று ஒரே வரி. நேராக அந்த மூலையை லென்ஸில் பார்த்தேன். இரண்டு தடங்கள் அறுந்திருந்தன. முடி அளவு செப்புக் கம்பியால் இரண்டையும் இணைத்தேன். அன்று மாலையே பெட்டி ஓடியது.